நிரல் எண் ஏழு

ஹுட்வில்லில் பனி சேறாகிக் கிடந்த டிசம்பர் இரவு.
பள்ளி உடற்பயிற்சி மண்டபத்தில் ஊர்க்கூட்டம்.
ஏறும் கயிறுகளைச் சுருட்டிக் கூரையில் கட்டிவிட்டு
கூடைப்பந்து வளையத்தின் கீழே மேசை போட்டிருந்தார்கள்.
வாக்கு உள்ளவர்களுக்கு நாற்காலி.
எங்களுக்குச் சுவரோரம் ஒரு தாழ்ந்த வாங்கு,
பிள்ளைகள் சப்பாத்துக் கழற்ற உட்காருவது.
இருபத்திரண்டு வருடமாய் இந்த ஊருக்கு வரி கட்டுகிறேன்,
முழங்கால் நாடியை இடிக்க
அதில் உட்கார்ந்தது அன்றுதான்.

எண் நான்கு: தீயணைப்பு வண்டி.
ஆறு லட்சத்து நாற்பதாயிரம் பிராங்க்.
ஒருவர் இருமவும் இல்லை.
கைகள் எழுந்தன, தாழ்ந்தன.
நல்லதுதான்.
எரிகிற வீடு எல்லோர் கண்ணுக்கும் தெரியும்.

எண் ஏழு:
பழைய பால்பண்ணைக் கட்டடத்தில் இளையோர் பட்டறை.
வருடத்துக்கு அறுபதாயிரம்.
பள்ளி முடித்தும் லேர கிடைக்காத பதினொரு பேர்.
ஒருவன் என் மகன் சாருஜன்.

ரேகுலா ஸ்டால்டர் எழுந்து சொன்னாள்:
சைக்கிளைக் கழற்றிப் பூட்டுகிறார்கள்,
விட்டுப்போன கணக்கைத் திரும்பப் படிக்கிறார்கள்,
ஏழரைக்கு வந்து நிற்கப் பழகுகிறார்கள்,
தொலைபேசியில் பேசப் பழகுகிறார்கள்.

பின்வரிசையில் ஒரு குரல்:
“போன் பேசவுமா நாங்கள் காசு கட்ட வேண்டும்?”

மண்டபம் சிரித்தது.
அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் இருக்கவில்லை.
இருந்திருந்தால் எனக்கு இலகுவாய் இருந்திருக்கும்.

எழுபத்தொரு விண்ணப்பம்.
அறுபத்தாறு பதிலுக்கும் ஒரே கடைசி வரி:
‘உங்கள் மேற்கொண்ட பாதைக்கு எங்கள் வாழ்த்துகள்.’
மிச்சம் ஐந்தில் வாழ்த்தும் இல்லை.
தச்சுப் பட்டறையில் மூன்று நாள் ‘ஷ்னுப்பர்’ போனான்.
மோந்து பார்ப்பது என்று அர்த்தமாம்.
யார் யாரை மோந்தது என்று
நான்காம் நாள் தெரிந்தது.

போன் எடுத்தாலோ
பரராஜசிங்கத்தைப் பதினான்கு எழுத்தாய்
உடைத்துச் சொல்ல வேண்டும்.
என் பெயர்தான். இங்கே அவனுக்குக் குடும்பப் பெயர்.
ஏழாவது எழுத்தில் மறுமுனை பெருமூச்சு விடும்,
பிள்ளை வைத்துவிடுவான்.

பிறகு பெயாட் கெர்பர் எழுந்தான்,
முதியோர் இல்லச் சமையலறையில்
என்னோடு உருளைக்கிழங்கு சீவுகிறவன்.
“முப்பத்தையாயிரம் போதும்.
என்னை யார் பழக்கினார்கள்?
பதினாறு வயதில் பக்கத்து வீட்டுக்காரர்
வேலிக்கு மேலால் கூப்பிட்டார்,
திங்கட்கிழமை வேலைக்குப் போனேன்.”

உண்மை. அவன் பொய் சொல்கிறவன் இல்லை.
நாங்கள் மூன்றாம் மாடி, பெயாட்.
எங்களுக்கு வேலி இல்லை.

‘குறைக்க வேண்டாம் என்பவர்கள்?’
எழுந்த கைகளை விரலால் தொட்டுத் தொட்டு
எண்ணி வந்தாள் ஒரு பெண்.
என் முன்னே விரல் நின்றது.
அப்போதுதான் பார்த்தேன்,
என் கை மேலே இருந்தது.
அவள் மெல்லச் சிரித்தாள்,
அடுத்த வரிசைக்குப் போனாள்.

தொண்ணூற்றேழு.
குறைக்கலாம் என்றவர்கள் நூற்றுப் பதினெட்டு.
பதினொன்று கூட்டிக் கழித்துப் பார்த்தேன்
வீடு போகும்வரை.
சுவரோரத்தில் அன்று எத்தனை பேர் இருந்தோம்?

போகுமுன் பெயாட் ஒரு கிளாஸ் வெள்ளை வைன் கொண்டுவந்தான்.
“கோபமா?”
“நாளைக்கு ஆறு மணி முறை உனக்கா, எனக்கா?” என்றேன்.
“உனக்கு” என்றான்.
பிறகு, “நான் வருகிறேன், நீ படு.”
வாங்கிக் குடித்தேன். புளித்தது.

ஜனவரியிலிருந்து
திங்களும் புதனும் பூட்டு.
மற்ற நாட்களில் ஐந்து மணிவரை.

இன்று வியாழன். கண்ணாடிக்கு வெளியே நிற்கிறேன்.
சக்கரமில்லாத சைக்கிளுக்கும் சுவருக்கும் நடுவே
போனைக் காதில் வைத்தபடி சாருஜன்,
ஒரு கிரீஸ் விரலால் மேசையில் தட்டித் தட்டி:
பே. ஆ. எர். ஆ. எர். ஆ.
யொட்.

நிறுத்துகிறான்.
அந்தப் பக்கம் ஏதோ கேட்கிறார்கள்.
அவசரப்படாமல் முதலிலிருந்து தொடங்குகிறான்.

மணி ஐந்தாகி நான்கு நிமிடம்.
ரேகுலா விளக்கின் சுவிட்சில் கை வைத்தபடி
காத்து நிற்கிறாள்.